பாட்டனாரின் கத்தியும் ஒரு துளி எண்ணெயும்

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர்கள் வந்து நின்றபோது, சீறாப்புராணத்தைப் பற்றி யாம் எழுதித் தருவோம் என்றே எண்ணியிருப்பர். ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வந்தோம். இம்முறை ஒரு சவரக் கத்தியைப் பற்றி எழுதுகின்றோம். உமறுப்புலவர் பொறுத்தருள்வாராக.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையைத் திருவண்ணாமலை மக்கள் மறவார். மலைச்சரிவில் மண் இடிந்து வீழ்ந்து எழுவர் உயிர் நீத்தனர். அத்துயரின் முன் எம் இல்லத்தில் நேர்ந்தது ஒரு பொருட்டன்று. பரணில் நீர் கசிந்து பழைய தகரப்பெட்டி ஒன்று நனைந்தது, அவ்வளவே. பெட்டியை இறக்கித் திறந்தோம். உள்ளே தோலால் ஆகிய அடைப்பம் இருந்தது. நாவிதர் தம் கருவிகளை இட்டு வைக்கும் பைக்கு அப்பெயர். "இது யாருடையது?" என்று வினவினார் எம் துணைவியார். "ஏதோ பழைய பொருள்" என்று கூறிப் பெட்டியை எம் அறைக்கு எடுத்துச் சென்றோம்.

அது எம் பாட்டனாருடையது. அவர் ஒஸ்தா. முடி திருத்துதல், சிறுவர்க்குச் சுன்னத் செய்தல், பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்குதல் ஆகியன ஒஸ்தாவின் பணிகள். 'உஸ்தாத்' என்பதன் திரிபே இச்சொல் என்பாரும் உளர். அதன் பொருள் ஆசிரியர். இறக்கிய முடியின் எடைக்கு ஈடாக வெள்ளியைத் தருமம் செய்யும் மார்க்கம் நம்முடையது. ஆயினும் அம்முடியை இறக்கிய கைக்கு உரியவரை விருந்தில் எந்தப் பந்தியில் அமர்த்துவது என்பதில் நம் பெரியோர் சிலருக்கு நெடுங்காலம் தயக்கம் இருந்தது. தொழுகை வரிசையில் தோளோடு தோள். சம்பந்தம் பேசுங்கால் கணக்கு வேறு. எம் திருமணப் பேச்சின்போது பாட்டனாரின் தொழில் யாது என்று பெண் வீட்டார் கேட்டனர். "அத்தர் வணிகம்" என்றார் எம் அத்தா. யாம் அருகில்தான் அமர்ந்திருந்தோம். எம்.ஃபில். பட்டம் பெற்ற நா அன்று அசையவில்லை.

அடைப்பத்தினுள் படிக்காரக் கட்டி, பித்தளைக் கிண்ணி, தீட்டுகல், தோல்வார், மடிப்புக் கத்தி என எல்லாம் இருந்தன. செருமனியின் சோலிங்கன் நகரில் செய்த கத்தி அது. அந்நகரின் பெயரைப் பாட்டனார் விரலால் தடவிக் காட்டியதுண்டு. இப்போது எழுத்துகள் இருந்த இடத்தில் பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் துரு. துருவின் அடியில் ஊசி குத்தினாற்போன்ற குழிகள்.

இதற்குக் காரணம் யாமே. 1996இல் பாட்டனார் மறைந்தபோது, கத்தி கெடாதிருக்க வேண்டும் என்று நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, தோற்பையில் இட்டுப் பரணில் ஏற்றினோம். பேணினோம் என்பதைவிட மறைத்தோம் என்பதே பொருந்தும். பின்னர் ஒருமுறையேனும் எடுத்துப் பார்க்கவில்லை. வள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் மழித்தலைக் குறிப்பிடும் இடத்தை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருப்போம். மழிக்கும் கருவியை எவ்வாறு பேணுவர் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கோயிலுக்கு அருகில் நெடுங்காலமாக மொட்டையடித்து வரும் முதியவர் ஒருவரிடம் கத்தியைக் கொண்டு சென்றோம். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு ஏற்பட்ட அச்சத்தால், அவரைப் போன்றோர் ஆளுக்கொரு புதிய அரைப் பிளேடு மாட்டும் கத்திக்கு மாறினர். ஆயினும் தம் தந்தையாரின் கத்தியை அவர் இன்றும் பளபளப்பாக வைத்திருக்கின்றார். எம் கத்தியைத் திருப்பிப் பார்த்தவர் முகஞ்சுளித்தார்.

"என்ன எண்ணெய் போட்டீங்க, தம்பி?"

சொன்னோம். அவர் நகைத்தார். "மலைமேல தீபத்துக்கு நெய்யைக் கொப்பரையில ஊத்தலாம். கத்திக்கு ஒரு சொட்டுக்கு மேல ஆகாது. அதுக்கு முன்னால துடைக்கணும். துடைக்காம எண்ணெய் போட்டா ஈரத்தை உள்ளே வெச்சுப் பூட்டின மாதிரிதான்."

துடைக்கும் முறையையும் காட்டினார். அலகைத் துடைப்பது எளிது. கைப்பிடியோடு அலகு சேரும் ஆணியின் இடுக்கில்தான் நீர் ஒளிந்திருக்குமாம். அங்கே துணிநூலை விட்டு இழுத்து, தோல்வாரில் இருமுறை தீட்டி, சிறிது நேரம் விரித்து வைத்துக் காற்றாட விட்ட பின்னரே எண்ணெய். நாள்தோறும் புழங்கும் கத்திக்கு எண்ணெயே வேண்டா, துடைப்பே போதும் என்றார்.

எந்த எண்ணெய் என்பதற்கு எம் கல்லூரி வேதியியல் துறை நண்பர் விளக்கம் தந்தார். இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். வியர்வையின் உப்பும் படிக்கார நீரின் புளிப்பும் அதனை விரைவுபடுத்தும். எண்ணெய்ப் படலம் இவற்றைத் தடுக்கும். ஆனால் விதை எண்ணெய்கள் காற்றிலுள்ள உயிர்வளியைத் தாமே ஏற்று, நாளடைவில் காறிப் பிசினாகும். இத்தன்மையை அளக்க 'அயோடின் எண்' என்றொன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். அதனாலன்றோ ஓவியர் அதனை வண்ணத்தில் குழைத்து உலரவிடுகின்றனர்! நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். நம் மாவட்டத்தில் விளையும் நிலக்கடலையின் எண்ணெய்க்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10தான். ஆகவே அது எளிதில் பிசினாகாது. எனினும் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் அலகின்மீது திட்டுத்திட்டாக நிற்கும். சப்பானியர் தம் வாள்களுக்குக் கிராம்புத் தைலம் பூசிப் பழகியவர்கள். அவர்கள் அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூசுவார்கள் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பூசிவிட்டு மறப்பவர்க்கு உகந்தது நிலத்தடி எண்ணெயிலிருந்து தூய்மையாகப் பிரித்த, நிறமற்ற, மெல்லிய கனிம எண்ணெய். அது காறுவதில்லை, பிசினாவதும் இல்லை. மீண்டும் முகத்தில் வைக்குமுன் கழுவிவிட்டால் போதும். தோற்பையைத் தவிர்க்க வேண்டும் என்றும் எச்சரித்தார். பதனிட்ட தோலில் எஞ்சும் அமிலமும் உப்பும், அது உறிஞ்சி வைக்கும் ஈரமும் எஃகுக்குப் பகை. வாணியம்பாடியும் ஆம்பூரும் அருகிருந்தும் இதை அறியாதிருந்தோம்.

இடையே ஒரு செய்தி. மைக்கேல் பாரடே, கத்தி வினைஞராகிய சேம்சு சுடோடார்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் எஃகுக் கலவைகளை ஆய்ந்தார். தென்னிந்தியாவின் 'ஊட்சு' எஃகே அவ்வாய்வைத் தூண்டியது. அச்சொல்லைக் கன்னட 'உக்கு' என்பர். எம் செவிக்கு 'உருக்கு' என்றே ஒலிக்கின்றது. அக்கலவைகளில் சவரக் கத்திகள் செய்து நண்பர்க்கு வழங்கினாராம் பாரடே. அவ்வறிஞருக்குச் சவரக் கத்தியைக் கையில் ஏந்த நாணம் இல்லை.

அந்தக் கனிம எண்ணெயை எங்கே வாங்குவது என்று கேட்டோம். "தையல் எந்திரத்துக்கு இடுவார்களே, அதுதான்" என்றார் நண்பர். அது எம் வீட்டிலேயே, துணைவியாரின் எந்திர இழுப்பறையில் இருந்தது. கேளாமல் எடுத்திருக்கலாம். ஓரிரு நாள் அவ்வறையைச் சுற்றி வந்தோம். இறுதியில் கத்தியைக் கையில் ஏந்தி அவர்முன் நின்று, எண்ணெயும் கேட்டு, கத்தி யாருடையது என்பதையும் சொன்னோம். அத்தர் வணிகம் பொய் என்பதையும் சொன்னோம்.

அவர் தையலை நிறுத்தவில்லை. "எங்க அத்தாவுக்கு அப்பவே தெரியும். அவருக்குச் சின்ன வயசுல முடி இறக்கினதே உங்க பாட்டனார்தானாம். மாப்பிள்ளை ஒரு நாள் அவர் வாயால சொல்வார்னு பார்த்துக்கிட்டே இருந்தார்."

மாமனார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தோம். மேல்துருவை முதியவர் தேய்த்து எடுத்துக் கொடுத்தார். குழிகள் போகா. அலகைக் கரைத்தாலன்றி அவை நீங்கா என்றார், வேண்டா என்றோம். இப்போது கத்தி எம் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் விரித்தபடி இருக்கின்றது. சனிக்கிழமைதோறும் எம் மகள் அதைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் இடுகின்றாள். சென்ற வாரம் இரண்டு துளி விழுந்துவிட்டது.