பட்டியலில் இல்லாத நூல்

நூலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நெடிய அடுக்குகளும் அவற்றில் நிரல்பட நிற்கும் நூல்களுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்நூல்களுக்கு வழிகாட்டியாய் வாயிலருகே நின்ற மரப்பேழையை நினைத்துப் பார்ப்போர் சிலரே. சிறுசிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த தடித்த அட்டைகள். ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயரால் ஓர் அட்டை, தலைப்பால் ஓர் அட்டை, பொருளால் ஓர் அட்டை எனக் குறைந்தது மூன்று வாயில்கள் திறந்திருக்கும். நாம் முதுகலை பயின்ற நாள்களில், ஒன்றைத் தேடி அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போகையில் தேடாத வேறொன்று விரலில் தட்டுப்படும். அவ்வாறு தட்டுப்பட்டவையே பல வேளைகளில் தேடியதினும் பயன்தந்தன.

அக்காலம் முடிந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலிருந்து 1971 முதல் உலக நூலகங்களுக்குப் பட்டியலட்டைகளை அச்சிட்டு அனுப்பிவந்த ஓ.சி.எல்.சி. நிறுவனம், தன் கடைசி அட்டைகளை 2015 அக்டோபர் 1 அன்று அச்சிட்டு அப்பணியை நிறுத்தியது. அதே நிறுவனம் பேணும் 'வேர்ல்டுகேட்' என்னும் கூட்டுப்பட்டியல் 2006-இல் பொதுமக்கள் இணையத்தில் தேடுவதற்குத் திறக்கப்பட்டது. நியூசிலாந்தின் ஒரு சிறு வட்டார நூலகம் தன் தேவைக்கென உருவாக்குவித்து, 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பயன்படுத்தத் தொடங்கிய 'கோஹா' என்னும் கட்டற்ற மென்பொருள், இன்று தமிழகக் கல்லூரிகள் பலவற்றின் நூலகங்களிலும் இயங்குகிறது. மவோரி மொழியில் 'கோஹா' என்றால் கொடை என்று பொருளாம். பொருத்தமான பெயர்தான். மாணவர் விடுதியில் இருந்தபடியே கைப்பேசியில் நூலைத் தேடலாம். இரவல் கொடுக்கப்பட்டிருப்பின் அடுத்து வேண்டுமெனப் பதிந்து வைக்கலாம். இவ்வளர்ச்சியை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், தேடுபெட்டியில் ஒரு சொல்லை இட்டதும் 'முடிவுகள் எவையும் இல்லை' என்று திரையில் தோன்றும் அந்த ஒரு வரியை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இளமுனைவர் பட்டத்துக்குச் சதக இலக்கியத்தை ஆய்ந்துகொண்டிருந்த மாணவி ஒருவர் சோர்ந்த முகத்துடன் வந்தார். "ஐயா, நம்ம நூலகத்துல சதகம் மூணுதான் இருக்கு. தலைப்பை மாத்திக்கட்டுங்களா?" என்றார். உடன் சென்று நூலக உதவியாளரை வினவினோம். "கம்ப்யூட்டர்ல இல்லேன்னா இல்லீங்க ஐயா" என்று உறுதியாகச் சொன்னார். அவர் மீது குறையில்லை. அவ்வாறே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அனுமதி பெற்று இருவருமாய் அடுக்குகளுக்குள் சென்று, சிற்றிலக்கியப் பகுதியைத் தட்டுத் தட்டாகப் பார்த்தோம். கொங்குமண்டல சதகம், தொண்டைமண்டல சதகம், அறப்பளீசுர சதகம், குமரேச சதகம் என மாலைக்குள் பதினான்கு நூல்கள் மேசைமேல் சேர்ந்துவிட்டன. அனைத்தும் கணினியில் இருந்தன. ஆனால் 'சதகம்' என்னும் அவ்வொரு சொல், ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாகப் பதியப்பட்டிருந்தது. தகரத்தை ஒருவர் 'டி' மட்டும் இட்டு எழுத, மற்றொருவர் 'டி, எச்' என்று சேர்த்தார். இன்னொருவர் தம் செவிக்குக் கேட்டபடி 'டி' என்னும் மென்மையான எழுத்தையே, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை, இட்டுவிட்டார். ககரம் ஒருவருக்குக் 'கே', மற்றவருக்கு 'ஜி'. மாணவி தட்டச்சு செய்த வடிவத்தில் மூன்றே இருந்தன.

தமிழ் நூலை உரோமன் எழுத்தில் பதியும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் நன்று. 1962 முதல், பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின் வழியே இந்திய நூல்கள் பெருமளவில் வாங்கப்பட்டு அந்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன; தமிழ் நூல்களும் அவற்றுள் அடங்கும். 1960களின் பிற்பகுதியில் ஹென்றியட் அவ்ரம் என்னும் அம்மையார் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் வகுத்த 'மார்க்' என்னும் கணினிப் பதிவுமுறையே உலகப் பட்டியல்களின் அடித்தளமாயிற்று. அக்காலக் கணினிக்குத் தமிழெழுத்து தெரியாது. ஆகவே ஒரு சீரான எழுத்துப்பெயர்ப்பு முறையைக் கைக்கொண்டனர். அது நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையைப் பெரிதும் ஒத்தது. எழுத்துக்கு எழுத்து பிழையற்றது. ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றுக்குக் கீழ்க்கோடிட்ட தனிக்குறிகள். சகரத்துக்கு எங்கும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான 'சி'. அதன்படி சிலப்பதிகாரமும் உ.வே. சாமிநாதையரும் 'சி'யின்கீழ் நிற்பார்கள். நம் மாணவரோ 'எஸ்'ஸில் தொடங்கித் தேடுவார். முறை அறிந்தவர்க்கு அது திறந்த கதவு, அறியாதவர்க்குச் சுவர். அங்கே ஒரு முறையாவது இருந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் தட்டச்சு செய்தவர் செவிக்கு எட்டியதே முறையாயிற்று.

அப்படியானால் தமிழெழுத்திலேயே பதிந்துவிட்டால் தீர்ந்ததா? 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், அது நம் மேசைக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த பட்டியல்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்ததை இணையத்தில் நெடுநாள் தமிழ் படித்தோர் எல்லாரும் கண்டிருப்பர். ஒருங்குறி வந்தபின்னும் நுண்ணிய இடர்கள் உள. ஔவையாரை எடுத்துக்கொள்வோம். 'ஔ' என்னும் ஓரெழுத்தை இடுவதற்கு மாறாக, 'ஒ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து இட்டு 'ஒளவையார்' என்று எழுதுவோர் பலர். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இவர் வேறு, அவர் வேறு.

புணர்ச்சி அதனினும் பெரிய சிக்கல். 'தமிழ் இலக்கியம்' என்று பிரித்தெழுதிய தலைப்பும் 'தமிழிலக்கியம்' என்று சேர்த்தெழுதிய தலைப்பும் இயந்திரத்துக்கு ஒன்றல்ல. 'கொங்குமண்டல சதகம்' என்று ஒரு பதிப்பு. 'கொங்கு மண்டலச் சதகம்' என்று ஒற்று மிக்க மற்றொரு பதிவு. 'புறநானூறு' என்று தேடுபவர்க்குப் 'புறநானூற்றுச் சொற்பொழிவுகள்' கிட்டாமற் போகலாம். ஆங்கிலத்தில் பன்மை விகுதியை நீக்கித் தேடும் நுட்பம் பட்டியல் மென்பொருள்களில் பண்டே அமைந்துவிட்டது. தமிழுக்கு அத்தகைய நுட்பத்தை அமைக்க வேண்டுமாயின் நிலைமொழி, வருமொழி, சாரியை, உருபு இவற்றை அறிந்தவர் ஒருவர் நிரலாளர் பக்கத்தில் அமர வேண்டும். நன்னூலின் புணரியலை இதுகாறும் தேர்வுக்கெனவே நடத்திவந்த நமக்கு, அது ஒரு நூலக மேசைக்கும் தேவைப்படுகிறது என்பது வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தந்தது.

இவை வெறும் எழுத்துப்பிழைச் செய்திகள்தாமே என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். சதகம் தேடிய அதே ஆண்டில், நூலகத்திலிருந்து தமிழ்த்துறையின் கையொப்பத்துக்கு ஒரு பட்டியல் வந்தது. பத்தாண்டுகளாக எவரும் இரவல் பெறாத நூல்களைக் கணினியே கணக்கெடுத்து அச்சிட்டிருந்தது. இடநெருக்கடியால் அவற்றைக் கழித்துவிட எண்ணம். அதில் நம் மேசைமேல் சேர்ந்த பதினான்கில் ஒன்பது இருந்தன. பெயர் பிழைபட்டதால் எவர்க்கும் அகப்படவில்லை. அகப்படாததால் எவரும் எடுக்கவில்லை. எடுக்காததால் வேண்டாதவை ஆயின. கணினியின் கணக்கில் பிழையில்லை. அதற்குக் கொடுத்த பெயரில்தான் பிழை. மறுபதிப்புக் காணாத பழம்பதிப்பு ஒன்று எடைக்குப் போய்விட்டால், அதை எந்தத் தேடுபொறியும் மீட்டுத் தாராது. நாம் கையொப்பமிடாமல் ஒரு பருவ காலம் தவணை கேட்டோம், நூலகரும் மனமிசைந்தார்.

ஆசிரியர் பெயர்களிலும் இதே நிலைதான். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனையே சான்றாகக் கொள்ளலாம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்புமுறையையும், 1934-இல் பட்டியலாக்க விதிநூலையும் உலகுக்கு அளித்தவர். அவர் பெயரின் முதலெழுத்து ஊரைக் குறிக்கும், அது சீர்காழி. இரண்டாவது தந்தையார் பெயர். குடும்பப்பெயர் என ஒன்று நம்மில் பலர்க்கு இல்லை என்பதை அறியாத அயல்நாட்டார், ஊர்ப்பெயரையே அவருடைய இயற்பெயராகக் கொள்ள இடமுண்டு. இனி, புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே, பாரதிதாசனும் கனக சுப்புரத்தினமும் ஒருவரே என்பதை இயந்திரம் எவ்வாறு அறியும்? பழைய அட்டைமுறையில் 'காண்க' என்று எழுதிய குறிப்பட்டை அவ்வேலையைச் செய்தது.

புதிய இணைய நுட்பம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடமும் இதுவே. பல நாட்டு நூலகங்களின் ஆசிரியர்ப் பெயர்க்கோப்புகளை ஒன்றிணைக்க 2003-இல் தொடங்கிய வி.ஐ.ஏ.எப். திட்டமும், 2012-இல் தொடங்கிய விக்கித்தரவும், ஒருவர்க்கு ஓர் எண் கொடுத்து அவர் பெயரின் எல்லா வடிவங்களையும் அவ்வெண்ணின்கீழ்த் தொகுக்கின்றன. எந்த எழுத்தில், எந்த வடிவத்தில் தேடினும் அந்த ஒருவரிடமே வந்துசேரலாம். பழைய 'காண்க' அட்டையின் உலகளாவிய வடிவம் என்று இதனைச் சொல்லலாம். ஆயின், இன்னார் இன்னாரே என்று முதலில் ஒருவர் அறிந்து சொல்லியாக வேண்டும். நம் புலவர்கள், பதிப்பாசிரியர்கள், சிற்றிதழ் எழுத்தாளர்கள் பற்றி அதைச் சொல்லத்தக்கவர் தமிழறிந்தோரேயன்றி வேறு யார்?

சொல்ல முன்வந்தோர் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் நினைவு மங்காத சமூகத்திலிருந்து 2005-இல் 'நூலகம்' என்னும் இணையத்திட்டம் எழுந்தது. ஈழத்து நூல்கள், இதழ்கள், சிறுவெளியீடுகளைத் தன்னார்வலர் மின்வருடிச் சேர்த்ததோடு நில்லாமல், விக்கி மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், ஆண்டு, பொருள் எனத் தமிழிலேயே விவரக் குறிப்பும் எழுதினர். அக்குறிப்புகள் இன்றேல் அது படங்களின் குவியலாய் நின்றிருக்கும்.

அண்மைக் காலத்தில் மற்றொரு விந்தை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்டு வாங்கிவரும் மாணவர்களின் தாள்களில், எவரும் எழுதாத நூல்களும் எங்கும் அச்சாகாத பதிப்புகளும் இடையிடையே காணப்படுகின்றன. உள்ள நூலை இல்லை என்கிறது ஒரு திரை. இல்லாத நூலை உண்டு என்கிறது மற்றொரு திரை. நூலைக் கையிலெடுத்து, முகப்புத்தாளைப் பார்த்து ஒருவர் எழுதிய பட்டியல் ஒன்றே இவ்விரண்டுக்கும் நடுவே நம்பத்தக்கது. அட்டை போயிற்றே என்று வருந்துவதில் பொருளில்லை. அட்டையை எழுதிய கவனமும் உடன் போய்விடலாகாது.

பெற்ற தவணைக்காலத்தில் நாம் செய்தது எளிய பணிதான். முதுகலை மாணவர் அறுவர், வாரந்தோறும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல், நூலகர் மேற்பார்வையில் தமிழ் நூல்களின் பதிவுகளைத் திருத்தினர். தலைப்பைத் தமிழெழுத்தில் இடுவது. பிரித்தும் சேர்த்தும் எழுதும் வடிவங்களைக் கூடுதல் தலைப்பாகச் சேர்ப்பது. புனைபெயருக்கு இயற்பெயரை இணைப்பது. 'சிற்றிலக்கியம் – சதகம்' எனப் பொருட்சொல் தருவது. இவ்வளவே. மென்பொருளில் அதற்கான இடங்கள் முன்பே இருந்தன, எவரும் நிரப்பவில்லை. பருவ இறுதிக்குள் சிற்றிலக்கியப் பகுதி முடிந்தது. கழிப்புப் பட்டியலில் இருந்த ஒன்பது சதகங்களும் நீக்கத்தினின்று தப்பின. மாணவியும் தலைப்பை மாற்றாமல் ஆய்வை நிறைவு செய்தார். இலக்கண நூல்கள் பகுதியும் நாட்டாரியல் பகுதியும் இன்னும் எஞ்சியுள்ளன.

தமிழ்த்துறை உள்ள கல்லூரிதோறும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வாய்க்கும். அன்பர்கள் தம் ஊர் நூலகத்தின் இணையப்பட்டியலில், தாம் நன்கறிந்த ஒரு நூலைத் தேடிப் பார்க்கட்டும். இல்லை என்று வந்தால், அடுக்குவரை ஒருமுறை நடந்து சென்று பார்த்துவிட்டு, நூலகரிடம் பேசட்டும்.