வாசல் விளக்கு யாருக்கு?

கார்த்திகை அகல்கள் ஓய்ந்து மார்கழிக் கோலங்கள் தொடங்கும் நாள்களில், அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலுள்ள நம் கத்தோலிக்க வீடுகளின் உச்சியில் விண்மீன் ஏறிவிடும். அண்டை வீட்டார் திண்ணையில் வரிசையாக ஏற்றிய அகல்களைக் கண்டு மகிழ்ந்த நாம், அடுத்த சில நாள்களில் அவர்கள் கண்டு மகிழ நம் பங்குக்கு ஒரு விளக்கை உயர்த்துகிறோம். நம் ஊர்களில் ஒளி என்பது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய பொருளாக என்றுமே இருந்ததில்லை. அது தெருவுக்கு உரியது.

மூங்கிலைப் பிளந்து பிளாச்சு எடுத்து, ஐந்து முனைகளையும் நூலால் கட்டி, மைதாப் பசை தடவி வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு குமிழ் விளக்கைத் தொங்கவிட்டு, வேப்பமரக் கிளையிலோ நெடிய கழியிலோ ஏற்றிய ஸ்டாரை நடுத்தர வயதைக் கடந்தவர் யாவரும் அறிவர். அதில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. ஸ்டார் கட்டியவன் தன் வீட்டுக்குள் அமர்ந்துகொண்டு அதைக் காண இயலாது. காண விரும்பினால் தெருவில் இறங்கி, மற்றவர்களோடு நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வயலுக்கு அப்பாலிருந்து வருகிறவனுக்கே அது முதலில் தெரியும். கட்டியவனைவிடக் காண்பவனுக்கே அது அதிகம் பயன்பட்டது.

இன்று அந்த ஒற்றை விண்மீனின் இடத்தில் ஆடும் விளக்குகள் வரத் தொடங்கியுள்ளன. வாசற்படி, சன்னல், மாடிக் கைப்பிடிச்சுவர், முற்றத்துக் குடில் என எங்கும் நூற்றுக்கணக்கான சிறு விளக்குகள். ஒலிபெருக்கியில் கிறிஸ்து பிறப்புப் பாடல். பாடலின் தாளத்துக்கு ஏற்ப அவை அணைந்தும் எரிந்தும் நிறம் மாறியும் ஆடுகின்றன. இளைஞர்கள் இதில் பெருமகிழ்ச்சி கொள்கின்றனர். பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கின்றனர். இது பக்தியா, பகட்டா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

விளக்குகள் ஆடுவது புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 1882 டிசம்பர் 22 அன்று, எடிசனின் உடன் உழைப்பாளரான எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கிலிருந்த தம் இல்லத்தில் முதன்முதலாக மின்விளக்குகளால் ஒரு கிறிஸ்து பிறப்பு மரத்தை அணி செய்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 குமிழ்கள். அந்த மரம் மெல்லச் சுழன்றது. சுழலச் சுழல விளக்குகள் மாறி மாறி ஒளிர்ந்தன. ஆக, மின்விளக்கு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் நுழைந்தபோதே ஆடிக்கொண்டுதான் நுழைந்தது.

அதற்கும் மிக முந்தியது 1223ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. இத்தாலி நாட்டுக் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோலும் தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் கொண்டு, நாம் இன்று அமைக்கும் குடில்களுக்கெல்லாம் முன்னோடியாகிய காட்சியை அமைத்தார். அவ்விரவில் ஊர் மக்கள் மெழுகுவர்த்திகளையும் தீப்பந்தங்களையும் ஏந்தி வந்தனர் என்றும், அவர்களது பாடலைக் காடு எதிரொலித்தது என்றும் அவரது வரலாறு கூறுகிறது. ஒளியும் பாடலும் அங்கேயே கைகோத்துவிட்டன. ஆனால் பிரான்சிஸ் அதைச் செய்த நோக்கம் என்ன? பாலன் இயேசு எத்தகைய வறுமையில் பிறந்தார் என்பதை எளிய மக்கள் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பதுதான். அங்கு ஒளி தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை, தொட்டியைக் காட்டியது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. நம் குடந்தை மறைமாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில், திருக்காவலூர் என்று தாம் போற்றிய தலத்தில், அடைக்கல அன்னைக்குக் கோவில் எழுப்பியவர் வீரமாமுனிவர். அவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். புனித சூசையப்பர் அதன் தலைவர். யூதேயாவைப் பாடவந்த முனிவர், நெல் விளையும் வயலும் தாமரை பூத்த பொய்கையுமாகத் தமிழ்நாட்டையே அங்குக் கொண்டுபோய் வைத்தார். அணியும் அலங்காரமும் அவருக்குப் பகையாகத் தோன்றவில்லை. கேட்பவர் நெஞ்சில் மீட்பின் செய்தி இறங்க வேண்டும் என்பதற்காகவே அத்தனை அழகையும் அவர் கூட்டினார். அதே அன்னையின் அருளால் தம் நோய் நீங்கியது என்று அரியலூர்ப் பாளையக்காரராகிய மழவராயர் நிலம் வழங்கினார் என்பது தலவரலாறு. நம் விழா தொடக்கம் முதலே பிற சமயத்தாரின் கண்ணும் மனமும் கலந்த விழாவாக இருந்துவருகிறது.

எனவே அலங்காரம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது யாருக்காக என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடையை எந்த நூலிலும் நான் காணவில்லை. அரியலூரில் நான் வாழும் தெருவிலேயே கண்டேன்.

எங்கள் தெருவில் மின் வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாகத் தம் வீட்டு முகப்பில் பாடலுக்கு ஆடும் விளக்குகளை அமைத்து வருகிறார். ஒரு நொடியை இருபது கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பதைக் கணினியில் குறித்து வைக்க வேண்டுமாம். மூன்று நிமிடப் பாடல் ஒன்றுக்கு 3600 கூறுகள்! அட்டைப்பெட்டி நிறைய விளக்குகளைச் சேர்த்துக்கொண்டு, திருவருகைக் காலம் தொடங்குமுன்பே இரவிரவாக உட்கார்ந்துவிடுவார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், திடீரென்று இறந்துபோனார். மனைவியும் இரு சிறு பிள்ளைகளும் எஞ்சினர். துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு ஸ்டார் ஏறாது, பலகாரம் சுடமாட்டார்கள். எதிரே விளக்கை ஆடவிட்டுப் பாட்டுப் போடுவது எப்படி என்று இளைஞர் தயங்கினார். தாமே அந்த வாசலுக்குச் சென்று, "இந்த வருசம் விளக்குப் போடலைக்கா" என்றார்.

அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டு வேணாம் தம்பி. வெளிச்சம் இருக்கட்டும். மூணு மாசமாப் பிள்ளைங்க வாசல்ல வந்து உட்காரவே இல்ல. அதைப் பார்க்கவாவது வரட்டும்" என்றார்.

ஒலிபெருக்கி பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாலை ஏழு மணி முதல் ஒன்பது வரை விளக்குகள் ஓசையின்றி ஆடின. முதல் நாள் அது ஏதோ குறைபட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. வழிப்போக்கர் சிலர், "பாட்டு ரிப்பேரா?" என்று கேட்டுச் சென்றனர். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எதிர்வீட்டுச் சிறுமி படியில் அமர்ந்திருந்தவள், விளக்குகள் எழுந்தும் தணிந்தும் ஆடும் முறையிலிருந்தே அது எந்தப் பாடல் என்று கண்டுகொண்டாள். முந்தைய ஆண்டுகளில் கேட்டுப் பழகியதுதானே! மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து தாய் அவளைத் தடுக்கவில்லை. துக்கம் நேர்ந்த பின் அந்த வாசலில் எழுந்த முதற் பாடல் அதுவே.

விளக்கு யாருக்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான மறையுரையை நான் கேட்டதில்லை.

கடல் கடந்த ஒரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். இல்லங்களில் இசைக்கு ஆடும் விளக்குகளை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மேசன் நகரைச் சேர்ந்த கார்சன் வில்லியம்ஸ் என்னும் மின்பொறியாளர். 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கணினியால் இயக்கினார். அயலாருக்குத் தொல்லை நேராதபடி பாடலை ஒலிபெருக்கியில் வைக்காமல், குறைந்த ஆற்றலுள்ள வானொலி அலையில் அனுப்பினார்; காண வந்தவர்கள் தங்கள் காரிலிருந்த வானொலிப் பெட்டியில் கேட்டுக்கொண்டனர். 2005 டிசம்பரில் அதைக் காணக் கார்கள் திரண்டன. அருகில் ஒரு விபத்து நேர்ந்தது. நெரிசலால் காவலர்கள் அவ்விடத்தை அடைய முடியவில்லை. அதன்பின் அவர் தம் வீட்டு விளக்குகளை நிறுத்திவிட்டார். நாடே வியந்த ஒளியை ஏற்றியது அவரது திறமை. அதை அணைத்தது அவரது அயலன்பு. இவ்விரண்டில் பெரியது எது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த விளக்குகளின் அமைப்பிலும் ஒரு பாடம் உண்டு. முன்பு நாம் வாங்கிய சீரியல் செட்டில் ஆறு வோல்ட் குமிழ்கள் ஏறத்தாழ 38 ஒரே சரமாக நின்று 230 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று கெட்டால் சரம் முழுவதும் இருண்டுவிடும். எந்தக் குமிழ் கெட்டது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். இன்றைய பிக்சல் விளக்கில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு சில்லு உண்டு. கணினியிலிருந்து வரும் செய்தியில் முதற்பகுதியை அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை முழுமையாக அடுத்த விளக்குக்குக் கடத்திவிடும். அடுத்ததும் அவ்வாறே. தன் பங்குக்கு மேல் ஒன்றும் பிடித்து வைப்பதில்லை. பெற்றதைக் கடத்தாமல் ஒன்று நின்றுவிட்டால், அதற்கு அப்பாலுள்ளவை யாவும் ஏதும் அறியாது இருளில் நிற்கும். குடும்பத்துக்கும் அன்பியத்துக்கும் இதைவிட நல்ல உவமை கிடைக்குமா?

இனி, வீட்டில் இத்தகைய விளக்கு அமைக்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

ஒன்று, செலவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 வாட் எடுக்கும் 500 விளக்குகள் இரவுக்கு மூன்று மணி நேரமாக 15 நாள் எரிந்தாலும் ஏழு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. மின்கட்டணம் நம்மை வருத்தாது. பக்கத்து வீட்டை மிஞ்ச வேண்டும் என்று ஆண்டுதோறும் வாங்கிச் சேர்க்கும் ஆசைதான் கடனில் கொண்டுபோய் விடும். வீட்டுக்கு வீடு போட்டியிடுவதைவிட, அன்பியத்தார் ஒன்றுகூடித் தெருவிலேயே இருண்ட மூலையில் ஓர் அலங்காரம் அமைக்கலாகாதா?

இரண்டு, ஒலி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத் தளர்வு அரசு தனியே அறிவித்தால் மட்டுமே. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு மாதம். படிக்கும் பிள்ளையும் நோயாளியும் கைக்குழந்தையும் எந்தத் தெருவில்தான் இல்லை?

மூன்று, பாதுகாப்பு. பிக்சல் விளக்கு ஐந்து வோல்ட்டில் எரிந்தாலும், அதற்கு ஆற்றல் தரும் பெட்டிக்குள் 230 வோல்ட் நுழைகிறது. மழையும் மார்கழிப் பனியும் அதன்மேல் இறங்கவிடக் கூடாது. மின்கசிவை உணர்ந்து உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருத்தல் வேண்டும். குடிலின் வைக்கோலிலும் கீற்றிலும் சூடேறும் குமிழ்களைச் செருகவேண்டாம். தெருக் கம்பியில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரத்தால் பாலனுக்கு விளக்கேற்றுவது எவ்வகையிலும் பொருந்தாது.

அன்பர்களே, வானதூதரின் பேரொளியையும் பாடலையும் முதன்முதல் பெற்றவர்கள் யார்? தம் ஆடுகளுக்கு இரவுக்காவல் இருந்த இடையர்கள் என்கிறார் புனித லூக்கா. வீட்டில் உறங்க முடியாமல் வேலையில் இருந்தவர்களுக்கே அந்த ஒளி முதலில் வந்தது. நம் பகுதியிலும் அத்தகையோர் நிறைய உண்டு. சிமென்ட் ஆலையின் இரவு முறை முடித்துச் சைக்கிளில் திரும்பும் தொழிலாளி, சுரங்கத்துக் கல்லை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், மருத்துவமனையில் கண் விழிக்கும் செவிலியர், ஏ.டி.எம். வாசலில் அமர்ந்திருக்கும் காவலர் ஆகியோர் நம் காலத்து இடையர்கள். அவர்களுள் பலர் நம் ஆலயத்துக்கு வருபவரல்லர். ஆயினும் நம் வாசலைக் கடந்து செல்பவர்கள். ஒரு நொடி அவர்கள் கால் நின்று முகம் மலருமானால், அந்த விளக்கு தன் பணியைச் செய்துவிட்டது.

ஆகவே இவ்வாண்டு விளக்கைக் கட்டி முடித்து ஒலிபெருக்கியின் கம்பியைச் சொருகுமுன், இடப்புறமும் வலப்புறமும் எதிரிலும் உள்ள மூன்று வீடுகளின் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாடலா, வெறும் வெளிச்சமா என்பதை அவர்களே சொல்வார்கள்.