வெல்னி: தாழ்ந்துகொண்டே போகும் ஓர் ஊர்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக், கேம்பிரிட்ஜ் மாவட்டங்கள் கூடுமிடத்தில், ஃபென் நாடு என்னும் தாழ்நிலம் பரந்து கிடக்கிறது. இங்கே குன்றும் இல்லை, பாறையும் இல்லை. ஈலி நகரத்துப் பெரிய தேவாலயம் பல மைல்களுக்கு அப்பாலிருந்தே கண்ணில் படும். அதை 'ஃபென் நாட்டின் கப்பல்' என்று மக்கள் சொல்வது வெறும் உவமை அன்று. ஒரு காலத்தில் அதைச் சுற்றிலும் நீரே சூழ்ந்திருந்தது. அந்த நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர் வெல்னி.

பழைய நாளில் இப்பகுதி மக்கள் விலாங்கு மீன் பிடித்தும், நாணல் அறுத்தும், நீர்ப்பறவைகளை வேட்டையாடியும் பிழைத்தார்கள். சதுப்பு நிலக் காய்ச்சல் அவர்களை விடாது வாட்டியது. கசகசாக் காயைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே அதற்கு வீட்டு மருந்து.

பதினேழாம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு பிரபு இந்நிலத்தின் நீரை வடிக்க முனைந்தார். வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் திட்டம் வகுத்தார். 1630-களில் பழைய பெட்ஃபோர்டு ஆறும், 1651-இல் நூறடி ஆறு என வழங்கும் புதிய ஆறும், ஏறத்தாழ இருபது மைல் நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல் வெட்டப்பட்டன. 1650-இல் டன்பார் போரில் சிறைப்பட்ட ஸ்காட்லாந்து வீரர்களும் மண்வெட்டி பிடித்தனர். மீனும் நாணலும் பறிபோவதைக் கண்ட உள்ளூரார் சும்மா இருக்கவில்லை, கரைகளை உடைத்தார்கள். 'ஃபென் புலிகள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

இரண்டு ஆறுகளுக்கும் இடையே, சுமார் அரை மைல் அகலத்தில் ஒரு புல்வெளி விடப்பட்டது. குளிர்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைக்க அதுவே இடம். வெல்னி ஊர் இதன் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்கே செல்லும் சாலையோ வெள்ளப் புல்வெளியைக் குறுக்கே கடக்கிறது. ஆகவே, குளிர்காலத்தில் சாலையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அறிந்த பிறகே ஊரார் வெளியே கிளம்புவார்கள். வெள்ளம் மிகுந்தால் பல மைல் சுற்றிப் போக வேண்டியதுதான்.

அந்த வெள்ளம் விருந்தினரையும் அழைத்து வருகிறது. ஐஸ்லாந்திலிருந்தும் ரஷ்யாவின் வடகோடியிலிருந்தும் அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. பகலில் வயல்களில் எஞ்சிய உருளைக்கிழங்கையும், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டின் மிச்சத்தையும் தின்றுவிட்டு, மாலையில் தண்ணீருக்குத் திரும்புகின்றன.

முன்பெல்லாம் கடுங்குளிரில் புல்வெளித் தண்ணீர் உறைந்துவிடும். வயல் வேலை நின்றுபோன கூலியாட்கள் காலில் சறுக்குக் கத்தியைக் கட்டிக்கொண்டு பந்தயம் ஓடுவார்கள். பரிசாகக் கிடைக்கும் இறைச்சியும் மாவும் வேலையற்ற வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. 1879-இல் தேசியச் சறுக்குச் சங்கம் நடத்திய முதல் சாம்பியன் போட்டியில் வென்றவர் வெல்னியைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மார்ட். 'மீன்' என்பது அவருடைய பட்டப்பெயர்.

இவ்வூரைச் சுற்றிய கருமண் நாணலும் செடிகொடிகளும் பல்லாயிரம் ஆண்டுகள் நீருக்குள் மக்கிச் சேர்ந்தது. இங்கிலாந்திலேயே வளம் மிக்க நிலங்களில் இது ஒன்று. ஆனால் நீரை வடித்தால் இம்மண் சுருங்குகிறது. காற்றுப் பட்டால் கரைந்துபோகிறது. மேற்கே ஹோம் என்ற ஊருக்கருகில், 1850-ஐ ஒட்டி, உச்சி தரைமட்டத்துக்கு இருக்கும்படி ஒரு தூணை நாட்டினார்கள். இன்று அத்தூண் தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தூண் வளரவில்லை; நிலம் தாழ்ந்துவிட்டது.

நிலம் தாழவே, ஆறுகள் வயல்களுக்கு மேலே ஓடுகின்றன. வயல் நீரை ஆற்றுக்கு ஏற்றியாக வேண்டும். முதலில் காற்றாலையும், பிறகு நீராவியும், பிறகு டீசலும், இன்று மின்சாரமும் இந்த வேலையைச் செய்கின்றன. 1947 மார்ச் மாதம் கரைகள் உடைந்து ஃபென் நாட்டின் பெரும்பகுதி வெள்ளக்காடானதை மக்கள் மறக்கவில்லை.

ஹோம் ஊர்ப் பக்கத்தில் 2001 முதல் சில வயல்களை மீண்டும் சதுப்பாக மாற்றி வருகிறார்கள். மிஞ்சிய மண்ணையாவது காப்பாற்றலாம் என்பது எண்ணம். உழவரோ, ஊருக்குச் சோறு போடும் வயலை எப்படித் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை பம்புகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவை நின்றால், முந்நூற்றைம்பது ஆண்டு உழைப்பைத் தண்ணீர் திரும்ப எடுத்துக்கொள்ளும்.