கடலிற் சென்ற எண்மர்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில், மௌசல் என்னும் சிற்றூர் உள்ளது. கடலில் இடருற்றோரைத் தேடி மீட்கும் உயிர்காப்புப் படகு ஒன்று அவ்வூரை அடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. 1824ஆம் ஆண்டில் தோன்றிய அறநிலையம் ஒன்று அதனைப் பேணி வந்தது. படகிற் செல்வோர் கூலி கருதாத் தொண்டர். மீனவர், தொலைபேசிப் பணியாளர், விடுதி நடத்துவோர் எனத் தத்தம் தொழிலால் வாழ்பவர்.

1981ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள் இரவு கடும்புயல் வீசிற்று. முதற்பயணம் வந்த 'யூனியன் ஸ்டார்' என்னும் சரக்குக் கப்பல், பொறி பழுதுற்றுப் பாறைக்கரையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அதில் எண்மர் இருந்தனர். அவருள் மூவர் பெண்டிர். ஹெலிகாப்டர் முயன்றும் ஒருவரையும் தூக்க இயலவில்லை.

படகுத்தலைவர் டிரெவெலியன் ரிச்சர்ட்ஸ் துணைவர் எழுவரைத் தேர்ந்தார். பதினேழு வயது இளைஞன் ஒருவனும் முன்வந்தான். அவன் தந்தையோ முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அத்தகைய இரவில் ஒரு குடும்பத்தினின்று ஒருவர்க்குமேல் வரலாகாது எனக் கருதிய தலைவர், அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். அந்த விரைவிலும் அவ்வளவு எண்ணிப் பார்த்த உள்ளத்தை என்னென்பது!

'சாலமன் பிரௌன்' என்னும் அம்மரப்படகு, மலையென எழுந்த அலைகளினூடே கப்பலை மீண்டும் மீண்டும் அணுகிற்று. ஒருமுறை அலை அதனைத் தூக்கிக் கப்பலின் மேல்தளத்திலேயே எறிந்தது. சறுக்கி இறங்கிப் பின்னும் நெருங்கிற்று. நால்வரை ஏற்றிவிட்டதாக வானொலிக் கருவி வழியே செய்தி வந்தது. அதன்பின் ஓசை இல்லை. பதினாறு பேரும் மாண்டனர்.

ஒரு நாளைக்குள் புதிய குழுவிற்குப் போதிய தொண்டர் அவ்வூரிலிருந்தே முன்வந்தனர். கரையில் நிறுத்தப்பட்ட இளைஞன், பின்னாளில் அந்நிலையத்தின் படகுக்கே தலைவன் ஆனான்.