சூடு எங்கிருந்து வருகிறது?

சென்னை அண்ணா சாலையிலிருந்து கேசினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. லேப்டாப், சிசிடிவி கடைகளின் வரிசையைத் தாண்டி, நரசிங்கபுரம் தெருவை ஒட்டிய சந்துகளுக்குள் போனால் பழுது பார்ப்பவர்களின் மேசைகள் தென்படும். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகளின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர், “வேலை நடக்கும்போது பேச மாட்டேன், பரவாயில்லன்னா உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன்.

அன்று வந்தது ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். போட்டதும் நன்றாகப் பாடும். கொஞ்ச நேரத்தில் மேல்மூடி கொதித்து, ‘புரொடக்ட்’ விளக்கு எரிந்து, சத்தம் நின்றுவிடும். வேறோர் இடத்தில் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றி, பின்பக்கம் ஃபேனும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் தீரவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே மெக்கானிக் கேள்விகளை அடுக்கினார். “ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ் சார்? ஒரு சேனல்ல ஒண்ணுதானா, ரெண்டு சேர்த்துப் போட்டிருக்கீங்களா? ஷோகேஸ் உள்ள வச்சிருக்கீங்களா?” ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். அதே ஒலி அளவில் மின்னோட்டம் இரட்டிப்பாகும். சூடு போக வழியில்லாத அலமாரியும் இதே விளக்கை எரிய வைக்கும். பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே வரும் சூடு இது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியைத் திறப்பவர் நல்ல பாகங்களைக் கழற்றி எறிவார்.

இங்கே அந்தக் காரணங்கள் இல்லை. ஆம்ப்ளிஃபயரை நேராக பிளக்கில் சொருகாமல் ‘சீரிஸ் போர்டு’ வழியாகப் போட்டார். 100 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்த பலகை அது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்தபடியே நிற்கும். இல்லையென்றால் ஒருமுறை மின்னிவிட்டு மங்கிவிடும். மங்கியது. “ஷார்ட் இல்ல” என்று சொல்லிவிட்டு நேர் மின்சாரத்துக்கு மாற்றினார். ஸ்பீக்கர் இணைக்கவில்லை, பாட்டு ஓடவில்லை. சும்மா வைத்துவிட்டுக் காத்திருந்தார். இடது சேனலின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் சில நிமிடங்களில் விரல் வைக்க முடியவில்லை. விரல் ஓரிரு நொடிகூடத் தாங்காவிட்டால் 60 டிகிரியை நெருங்கிவிட்டது என்பது அவர்கள் கைக்கணக்கு. வலது பக்கம் வெதுவெதுப்புதான். பாட்டே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கிறது என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து மீட்டர். அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சேர்ந்திருக்கும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் வைத்தார். வலது பக்கம் 5 மில்லிவோல்ட்டைத் தாண்டி அசையாமல் நின்றது. ஏறக்குறைய 25 மில்லி ஆம்பியர், சும்மா இருக்கும்போது ஓட வேண்டிய அளவுதான். இடது பக்கம் 20, 35, 50 என்று ஏறிக்கொண்டே போனது. 66 வந்ததும் சுவிட்சை அணைத்தார். 300 மில்லி ஆம்பியர். ப்ளஸ் 45, மைனஸ் 45 என்று 90 வோல்ட் சப்ளையில் அது 27 வாட். அவர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

எண் ஏறிக்கொண்டே போனதில்தான் விடை இருந்தது. சூடு ஒரு டிகிரி ஏறினால், டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதனால் மின்னோட்டம் கூடும். கூடிய மின்னோட்டம் மேலும் சூடாக்கும். இந்தச் சுழலை அடக்கவே, பயாஸ் டிரான்சிஸ்டர் என்ற சின்னப் பாகத்தை அதே ஹீட் சிங்க்கில் இறுக்கி வைக்கிறார்கள். சூட்டை உணர்ந்து, அவுட்புட் டிரான்சிஸ்டர்களைத் திறந்து வைக்கும் மின்னழுத்தமான பயாஸைக் குறைப்பது அதன் வேலை. இடது பக்கத்தில் அது ஹீட் சிங்க்கைத் தொடாமல் காற்றில் நின்றது. முந்தைய பழுதில் கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடவில்லை. பக்கத்தில் என்ன சூடு என்றே தெரியாமல் அது பழைய பயாஸையே கொடுத்துக்கொண்டிருந்தது.

கடையில் வேலை கற்கும் பையன் பெரிய கெபாசிட்டரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யப் போனான். “தம்பி, பல்ப வச்சு எடு!” என்று அன்றைக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும். பொறி பறந்தால் கண்ணுக்கும் ஆபத்து, பாகத்துக்கும் ஆபத்து. பிறகு பழைய ஹீட் சிங்க் பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்து, மைக்கா தாளைச் சரிபார்த்து, புதுப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, ஸ்க்ரூவை முடுக்கினார். பயாஸ் பிரிசெட்டைத் தாழ்வாக வைத்துத் தொடங்கி, அரை மணி நேரம் சூடேற விட்டு, மறுபடி அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கும்வரை திருத்தினார்.

இடையில் ஆம்ப்ளிஃபயரின் உரிமையாளர் கேட்டார்: “புரொடக்ட் லைட்ட எரிய வைக்கிற அந்த சென்சரை மட்டும் எடுத்துட்டா ஓடும்னு ஒருத்தர் சொன்னாரேண்ணே?”

“எடுத்துட்டா லைட் எரியாது சார், டிரான்சிஸ்டர் எரியும். அது ஷார்ட்டாச்சுன்னா 45 வோல்ட் டிசி நேரா ஸ்பீக்கருக்குப் போகும்.”

இந்தத் தொழிலின் நேர்மை இந்தப் பதிலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எச்சரிக்கையை அடக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வது எளிது. சூடு பிறக்கும் இடத்தைத் தேடிப் போவதற்குப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்குத்தான் விலை கிடைப்பதில்லை. மாற்றிய பாகத்துக்குக் காசு கேட்டால் கொடுக்கிறார்கள். கண்டுபிடித்ததற்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அதனால் தேவையில்லாமல் பாகம் மாற்றி பில்லில் எழுதும் பழக்கம் வளர்கிறது. 5200, 1943 என்று எண் அச்சிட்ட போலி டிரான்சிஸ்டர்கள் வேறு சந்தையில் நிறைந்து கிடக்கின்றன. எரிந்துபோன ஒன்றை உடைத்துக் காட்டினார். பெரிய கூட்டுக்குள் கடுகளவு சில்லு. பல கம்பெனிகள் சர்க்யூட் படத்தை வெளியாருக்குத் தருவதில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இவர்களே வரைந்துகொள்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. வீட்டு மின் சாதனங்களும் அதன் வரம்பில் உண்டு. அந்த உரிமையின் முதல் பலன், சர்க்யூட் படமாக இந்த மேசைகளுக்கு வந்து சேர வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்றால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அணைத்து, ஆற விடுங்கள். சுற்றிலும் காற்றுக்கு இடம் கொடுத்து, ஸ்பீக்கரின் ஓம்ஸைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சுட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பில்லில் ஒரு பாகமும் இல்லாமல் கூலி மட்டும் இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் பெட்டியைப் புரிந்துகொண்டதற்கான கூலி அது.