அத்தையோட கால்

குறுவை நடவு முடிஞ்சு வாய்க்கால் படித்துறையில் கால் கழுவும்போது, விரல் இடுக்கை ஒவ்வொண்ணா துண்டால் துடைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கூட இருக்கிறவங்க சிரிப்பாங்க. "நாளைக்கும் இதே சேத்துலதானே இறங்கப் போறே?" என்பாங்க. இது அத்தைகிட்டேருந்து வந்த பழக்கம்.

அப்பாவுக்கு மூத்தவங்க அத்தை. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள் முதல் அவங்களுக்கு வலது காலில் யானைக்கால். எங்க காவிரிப் பாசன ஊர்களில் அப்போ தெருவுக்கு ஒருத்தராவது அப்படி இருந்தாங்க. கும்பகோணம் பக்கம்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க காலைத்தான் பார்ப்பாங்க.

அத்தைக்குப் பதினாறு வயசில் குளிர்காய்ச்சல் வந்து தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கு. நாலு நாளில் சரியாப் போச்சு. அப்புறம் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் வீங்கும், வடியும். ஒரு கட்டத்தில் வடியறது நின்னுபோச்சு. பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்னுபோச்சு. அதைப் பத்தி அத்தை ஒரு நாளும் பேசினதில்லை.

காலில் சின்னக் கீறல் பட்டாலும் மறுபடி காய்ச்சல் வரும்கிறதால சேத்தில் இறங்க மாட்டாங்க. ஆனா வயல் அவங்க கண்ணிலதான் இருந்தது. வரப்புப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகிட்டே எந்த மூலையில் தண்ணி ஏறலை, எங்கே நாத்து கலக்கமா விழுதுன்னு சொல்லிடுவாங்க. அப்பா ஊரில் இல்லாத நாளில் எட்டு மா நிலத்து வேலையும் அந்த மரத்தடியிலேருந்து நடக்கும். செருப்புக் கடையில் அவங்களுக்கு அளவு கிடைக்காது. ஊர்ல டயரை வெட்டித் தைச்சுக் கொடுப்பாங்க. வலது செருப்பு இடது மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும்.

1986ல் நான் ஏழாவது படிச்சேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல டார்ச் லைட்டோட சுகாதாரத் துறை ஆளுங்க வீடு வீடா வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தாங்க. இந்த நோயோட குட்டிப் புழு பகலில் உள்ளே ஒளிஞ்சிருந்து, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் அந்த நேரம். வீட்டில் என் ரத்தத்தில் மட்டும் புழு இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தாங்க.

முதல் நாளே தலை சுத்தி உடம்பு சுட்டது. புழு சாகும்போது அப்படித்தான் இருக்கும்னு அப்போ எனக்குத் தெரியாது. மறுநாளிலேருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து கொல்லைச் சாக்கடையில் துப்பிட்டேன். நாலாம் நாள் அத்தை கால் கழுவப் போனப்ப அதைப் பார்த்துட்டாங்க.

அப்பாகிட்ட சொல்லலை. சாயங்காலம் திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைச்சு, புடவையைக் கொஞ்சம் தூக்கி, "தொட்டுப் பாருடா" என்றாங்க. நான் கையை இழுத்துக்கிட்டேன். "தொட்டா ஒட்டாது. கொசு கடிச்சுத்தான் வரும்." தொட்டேன். பூவரச மரப்பட்டை மாதிரி இருந்தது. "எனக்கு அப்ப இந்த மாத்திரை கொடுக்க யாரும் வரலை. உனக்கு வீடு தேடி வந்து கொடுக்கறாங்க. நீ துப்பறே."

மறுபடி முதல் நாளிலேருந்து ஆரம்பிச்சோம். சோறு சாப்பிட்டதும் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்துட்டு, ஒரு துண்டு வெல்லம் தருவாங்க. பன்னிரண்டு நாளும் இதேதான்.

அப்படிப்பட்டவங்க 2001ல் என் கல்யாணத்தில் பத்தாயத்துக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்க. "கூட்டத்துல கால் மிதிபடும், நான் இங்கேயே இருக்கேன்" என்றாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாங்களோன்னு எனக்குள்ளேயும் ஒரு எண்ணம் இருந்தது. அதை மறைக்க முடியாது. கல்யாண ஆல்பத்தில் அத்தை ஒரு படத்தில்கூட இல்லை.

2004க்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தரம் எல்லாருக்கும் மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சாங்க. கர்ப்பிணிங்க, ரெண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைங்க, ரொம்ப முடியாதவங்க தவிர மத்த எல்லாரும் சாப்பிடணும். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எனக்கெதுக்கு?" என்பாங்க தெருவில். மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு கூட அத்தையும் போவாங்க. கல்யாணத்தில் காலை மறைச்சவங்க, அங்கே வாசலில் நின்னு புடவையை விலக்கிக் காட்டுவாங்க. "பதினஞ்சு வயசுல எனக்கும் ஒண்ணும் இல்லைம்மா." அதுக்கு மேல யாரும் வாதாட மாட்டாங்க.

பிற்காலத்தில் ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபடி, தினமும் சோப்புப் போட்டு மடிப்பு மடிப்பா கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் இல்லாம ஒத்தி எடுத்து, ராத்திரி தலகாணி மேல காலை வைச்சுத் தூங்குவாங்க. வீக்கம் போகலை. ஆனா காய்ச்சல் வர்றது ரொம்பக் குறைஞ்சது. துணியைப் பிழிஞ்சு கொடுக்கிறது என் வேலை.

அத்தை போய் ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தை மாசம், அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்தில் கிடந்தப்ப. செருப்பைத் தூக்கிப் போட மனசு வரலை, பரணில் இருக்கு.

எனக்கு இப்போ ஐம்பத்தொண்ணு. இந்த வருஷமும் நாலு நாள் சேத்தில் நின்னு நடவு பார்த்தேன். ரெண்டு காலும் நல்லா இருக்கு. உங்க ஊரில் மாத்திரை கொடுக்க வந்தா வாங்கி அலமாரியில் வைக்காதீங்க. சாப்பிட்டுட்டு, வந்தவங்க முன்னாடியே முழுங்கிடுங்க.