தலைப்பகுதி இல்லாத கதை

1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’, கரையொதுங்கிய லாரா பாமரின் உடலோடு விரியும் மர்மத் தொடர். ஆனால் 2001இல் அங்கு வெளியான முதல் பருவ டிவிடி தொகுப்பில் அந்தத் தொடக்கப் பகுதியே இல்லை. அதன் உரிமை வேறிடத்தில் இருந்தது. விசாரணை கைக்கு வந்தது. பிணம் கிடைத்த காட்சி வரவில்லை. ஐரோப்பாவிலோ அதே பகுதி, தனி முடிவொன்று சேர்க்கப்பட்டு, முழுநீளப் படமாக முன்பே வீடியோ நாடாவில் விற்கப்பட்டிருந்தது. 2007இன் ‘தங்கப் பெட்டி’ இரு வடிவங்களையும் ஒருங்கே தந்தது. டேவிட் லிஞ்ச் 1992இல் வெளியிட்ட திரைப்படத்தில் இடம்பெறாத சுமார் 90 நிமிடக் காட்சிகளோ 2014 வரை காத்திருந்தன. ஒரு படைப்பு எவ்வளவு எஞ்சும் என்பதைப் படைத்தவர் மட்டும் முடிவு செய்வதில்லை. உரிமைப் பத்திரங்களும் முடிவு செய்கின்றன. இந்தத் தொடருக்கு முழுமை கிடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. விடாது கேட்க ரசிகர்கள் இல்லாத தொடர்களுக்கு அது கிடைப்பதே அரிது.